அரைக்கிலோ பையா, ஒரு கிலோ பையா: நம்ம மலைக்கு எது தாங்கும்?

"மாமா, மலையேற ஐநூத்தம்பது கிராம் எடையில ஒரு முதுகுப்பை இருக்கு, கஸ்டம்ஸ் டூட்டி எல்லாம் சேர்த்து இருபத்தெட்டாயிரம் வருது, போட்டுரவா?" என்று கேட்டுக்கொண்டு அக்கா மகன் போன வாரம் எங்கள் கடைக்கு வந்தான். போடியில் ஏலக்காய் கமிஷன் கடை, காய் தரம் பிரிக்கிற மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். ஜனவரியில் அவனுக்குக் கேரளத்தின் அகத்தியர்கூடம் மலைக்குப் போகவேண்டும், அப்புறம் மே மாதம் உத்தராகண்டில் ஒரு வார நடை. வாங்கு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் நீ சுமக்கப் போகிற சாமான் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு வா என்றேன். கடையில் 5 கிராம் வரை காட்டுகிற எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது, அன்று சாயங்காலம் வியாபாரம் முடிந்த பிறகு ஒவ்வொன்றாக அதில் வைத்துக் கணக்கு எழுதினோம். அவனுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியை இந்த ஒரு வருடத்தில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள்.

அல்ட்ராலைட் என்ற சொல்லைப் பலரும் பையோடு மட்டும் ஒட்டிப் பேசுகிறார்கள். அது மொத்தச் சுமையைப் பற்றிய சொல். சாப்பாடு, தண்ணீர், அடுப்புக்கான எரிபொருள் மூன்றையும் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதை அடிப்படை எடை என்பார்கள், பையும் அதில் சேர்த்தி. அது 10 பவுண்டுக்குள், அதாவது சுமார் நாலரைக் கிலோவுக்குள் இருந்தால்தான் அல்ட்ராலைட். அமெரிக்காவின் நீண்ட நடைபாதைகளில் பிறந்த கணக்கு இது, 1990-களில் ரே ஜார்டின் தன் பையைத் தானே தைத்துக்கொண்டு நடந்து, மற்றவர்களுக்கும் எழுதிக் காட்டிய பிறகு பரவியது. அதற்கு வெகு முன்பே, 1955-இல், எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி அப்பலாச்சியன் பாதை முழுவதையும், 3,200 கிலோமீட்டருக்கு மேல், டெனிம் துணியில் தானே தைத்த ஒரு சுருக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து முடித்திருக்கிறார். மழைக்கு அவர் கையில் இருந்தது ஒரு குளியலறைத் திரை. சுமந்தது குறைவு, அதனால் சுருக்குப்பை போதுமானதாக இருந்தது. முதலில் சுமை இளைக்கவேண்டும், பிறகுதான் பை இளைக்க முடியும். பையை மட்டும் முதலில் இளைக்க வைத்தால் அந்தச் சுமை நேராகத் தோளில்தான் வந்து உட்காரும்.

சரி, தராசுக்கு வருகிறேன். கூடாரம் இரண்டு பேர் பகிர்ந்துகொள்வது, இவன் பங்கு ஒரு கிலோ. தூங்கும் பை 950 கிராம், விரிக்கிற ஃபோம் பாய் 350, துணிமணி 900, மழைக்கோட்டு 300, ஹெட்லைட், பவர்பேங்க், மருந்து, அட்டைப்பூச்சிக்கு உப்பும் புகையிலையும், சின்னச் சின்னச் சாமான் எல்லாம் சேர்ந்து 750. மொத்தம் 4 கிலோ 250 கிராம், பை இல்லாமல். இதோடு இரண்டு நாள் சாப்பாடு 1.2 கிலோ, தண்ணீர் 3 லிட்டர் என்று வையுங்கள். அவனிடம் ஏற்கனவே இருக்கிற 60 லிட்டர் பழைய பை 2 கிலோ 250 கிராம், அதில் போட்டுத் தூக்கினால் 10.7 கிலோ. ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டுகிற, முதுகுப்பக்கம் விறைப்பான கம்பிச் சட்டம் வைத்த இலகுவான பையில், என்னுடையது 1,150 கிராம், அதில் போட்டால் 9.6. அவன் கேட்ட 550 கிராம் பையில் போட்டால் சரியாக 9 கிலோ. பழைய பையிலிருந்து நடுத்தரப் பைக்கு வந்தால் 1,100 கிராம் குறைகிறது. அங்கிருந்து அரைக்கிலோ பைக்குப் போனால் இன்னும் 600 கிராம், ஒரு சின்ன தண்ணீர் பாட்டில் அளவுதான், ஆனால் காசு இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. அதோடு அந்த 600 கிராமுக்காக நீங்கள் பையிலிருந்து எதைக் கழற்றி எறிகிறீர்கள் என்று பார்க்கவேண்டும். கழற்றுவது சட்டத்தை.

சட்டம் என்ன செய்கிறது என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை, சும்மாடு தெரிந்தவர்களுக்கு. மூணாறு பக்கத்து டாப் ஸ்டேஷன் என்ற பெயரே சுமையால் வந்த பெயர்: குண்டலைப் பள்ளத்தாக்கில் குட்டி ரயிலில் வந்த தேயிலையை அங்கிருந்து ரோப்வேயில் கீழே கொட்டகுடிக்கு இறக்கினார்கள், 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போகும் வரை. ரோப்வே போகாத இடத்துக்கெல்லாம் ஆள்தான் சுமந்தார், தலையில் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, மூட்டையின் பாரம் கழுத்தெலும்பு வழியாக நேராக முதுகுத்தண்டில் இறங்கும்படி. தோளில் மாட்டினால் அந்த நேர்கோடு கிடையாது, தோள் தசைதான் முழுப் பாரத்தையும் பிடித்து நிற்கிறது. முதுகுப்பையில் சும்மாட்டின் வேலையை இடுப்புப்பட்டை செய்கிறது. ஆனால் பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்க நடுவில் வளையாத ஒன்று வேண்டும், ஒரு அலுமினியக் கம்பியோ, கார்பன் குச்சியோ, ஒரு தகடோ. அது இல்லாத பையில் நீங்கள் எவ்வளவு இறுக்கமாக இடுப்புப்பட்டையைக் கட்டினாலும், பை நடுவில் சாக்குப்போல மடிந்து, பாரம் திரும்பத் தோளுக்கே வந்துவிடும். ஃபோம் பாயைச் சுருட்டி உள்ளே உருளையாக வைத்து அதற்குள் சாமானை அடுக்கினால் ஓரளவு விறைப்பு கிடைக்கும், சிலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். 8, 9 கிலோ வரை அது ஓடும். அதற்கு மேல் ஓடாது என்பதை நான் என் தோளிலேயே பார்த்தவன்.

அது ஒரு பிப்ரவரி. சூரியநெல்லிக்கு மேலே தெரிந்தவர் தோட்டத்தில் கூடாரம் போட அனுமதி வாங்கி நாலு பேர் போனோம். சிநேகிதர் ஒருவரின் சட்டமில்லாத பையை இரவல் வாங்கியிருந்தேன், மேலே சொன்ன கணக்கில் அடிப்படை எடை ஐந்து கிலோவுக்கும் குறைவு, காலையில் ஏறும்போது முதுகில் பை இருப்பதே தெரியவில்லை. ஆனால் பிப்ரவரியில் புல்மேட்டு ஓடைகள் வற்றிவிடும், தோட்டத்துக் குழாயைத் தாண்டினால் மறுநாள் மதியம் வரை தண்ணீர் கிடையாது, அதனால் ஆளுக்கு நாலரை லிட்டர் நிரப்பிக்கொண்டோம். அந்த நாலரைக் கிலோ ஏறியதும் பையின் குணமே மாறிவிட்டது. அரை மணி நேரத்தில் பை பின்பக்கமாகச் சாய்ந்து தொங்க ஆரம்பித்தது, கட்டைவிரலைத் தோள்வாருக்குள் விட்டுத் தாங்கிக்கொண்டே நடந்தேன். கூடாரம் போட்டபோது சட்டையைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு தோளிலும் விரல் அகலத்துக்குச் சிவப்புக் கோடு, இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயிருந்தன, மறுநாள் காலைதான் உணர்வு வந்தது.

எங்கேயோ ஏரிகளும் ஓடைகளும் நிறைந்த பாதையில் நடக்கிறவர்களுக்கு, ஒரு லிட்டர் மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த ஓடையில் வடிகட்டிக் குடிக்கிறவர்களுக்கு, சட்டமில்லாத பை சரி. நம் பக்கம் மழைக்காலத்தில் எங்கு பார்த்தாலும் தண்ணீர், தை பிறந்து மாசி வந்தால் மேட்டில் சொட்டு இருக்காது. அடிப்படை எடையை வைத்து மட்டும் பை வாங்குகிறவர்கள் கணக்கில் விடுவது இந்தத் தண்ணீரைத்தான். நமக்கு நிர்ணயிக்கிற எடை அதிகபட்ச எடை, அதாவது தண்ணீர் முழுவதும் நிரப்பிக் கிளம்புகிற அந்த முதல் இரண்டு மணி நேரத்து எடை. என் அனுபவத்தில் அது 9 கிலோவைத் தாண்டும் என்றால் சட்டம் வேண்டும், அவ்வளவுதான்.

சட்டம் உள்ள இலகுவான பைகளில் நான் கையால் தொட்டு, மாட்டி, நடந்து பார்த்தவை கொஞ்சம்தான். ஆஸ்ப்ரே எக்ஸோஸ், 58 லிட்டர், சுமார் 1.3 கிலோ: சுற்றிலும் அலுமினியக் கம்பி வளைத்து முதுகுக்கும் பைக்கும் நடுவே வலையை இழுத்துக் கட்டியிருப்பார்கள், கயிற்றுக் கட்டில் மாதிரி, காற்று ஊடே போகும். நம் பக்கத்து ஈரக் காற்றில் அது பெரிய விஷயம், ஒட்டுகிற பை முதுகில் போட்டால் ஒரு மணி நேரத்தில் பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்து, நின்றதும் மலைக்காற்று பட்டுக் குளிர் எடுக்கும். அதன் குறை, அந்த வளைவினால் பாரம் முதுகிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி நிற்கும், இறக்கத்தில் பின்னால் இழுக்கிற மாதிரி இருக்கும். டெகாத்லான் ஃபோர்க்ளாஸ் பெயரில் கொண்டுவந்த எம்டி900 அல்ட்ராலைட், 50 லிட்டரோடு மேலே 10, எடை ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். என்னுடையது இந்த வகைதான், ஐந்து வருடமாகச் சுமக்கிறேன். கோயம்புத்தூரிலோ கொச்சியிலோ கடைக்குப் போய் மாட்டிப் பார்த்து வாங்கலாம் என்பது இதன் பெரிய வசதி, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிற பையில் அது கிடையாது. பொருந்தவில்லை என்றால் திருப்பி அனுப்புகிற செலவிலேயே பாதிக் காசு போய்விடும்.

வரவழைக்கிற பைகளில் இரண்டு ஜாதி. ஒன்று காஸமர் கியர் கூமோ மாதிரி, 36 லிட்டர், சட்டமே இல்லை, உட்காரும் ஃபோம் துண்டையே முதுகுப்பக்கம் செருகி வைத்திருப்பார்கள். இன்னொன்று டைனிமா என்ற மெல்லிய, வலுவான செயற்கை இழைத் துணியில் செய்தவை. ஹைப்பர்லைட் மவுண்டன் கியர் பைகளில் 2400, 3400 என்று எண் போட்டிருக்கும், அது கன அங்குலம், லிட்டரில் 40, 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு அலுமினியக் கம்பி உண்டு, 40 லிட்டர் பை ஒரு கிலோவுக்குச் சற்றுக் கீழே நிற்கும். இசட்பேக்ஸ் ஆர்க் வகையில் கார்பன் குச்சிகளை வில்லாக வளைத்து 600 கிராம் சுற்றுவட்டத்திலேயே சட்டத்தையும் கொடுத்துவிடுகிறார்கள், அதுதான் உண்மையிலேயே எனக்கு ஆசையான பை. வாங்காததற்குக் காரணம் விலையும், ஜீப்பும்.

ஜீப்பைச் சொல்லியாகவேண்டும். போடிமெட்டுக்கு ஏறுகிற ஜீப்பிலும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகிற ஜீப்பிலும் நம் பை நம் மடியில் இருப்பதில்லை. மேலே கம்பிக்கூட்டில் ஏறும், அதன் மேல் உரமூட்டையோ கேஸ் சிலிண்டரோ ஏறும், கயிறு போட்டு ஒரே இறுக்காக இறுக்குவார்கள். கொழுக்குமலைப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும், அது பாதை இல்லை, பாறை. டைனிமா இழை, தயாரிப்பாளர் கணக்கில், எடைக்கு எடை எஃகைவிட 15 மடங்கு வலுவானது, இழுத்தால் கிழியாது, தண்ணீர் குடிக்காது. பாய்மரப் படகுப் போட்டிக்காக 1990-களில் உருவான துணியிலிருந்து வந்த சாதி. ஆனால் தேய்த்தால் அது அத்தனை வலு இல்லை, மெல்லிய ரகம் கம்பியில் தொடர்ந்து உரசினால் ஊசித்துளை விழும். அதோடு டைனிமா 150 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகிவிடும், நைலான் 200-க்கு மேலும் தாங்கும். அடுப்புப் பக்கத்தில் சாய்த்து வைக்கிற பழக்கம் உள்ளவர்கள் யோசிக்கவும். ஓட்டை விழுந்தால் அதே துணியில் ஒட்டுநாடா வருகிறது, ஒட்டிக்கொள்ளலாம். அந்த நாடாவும் வெளியிலிருந்துதான் வரவேண்டும்.

நைலான் என்று வந்தால் டெனியர் பார்க்கவேண்டும். 70, 100, 210 என்று போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். ஆண்டிப்பட்டி சக்கம்பட்டிப் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும், நம் பருத்தி நூலில் நம்பர் கூடக்கூட நூல் மெலியும், 40-ஆம் நம்பரைவிட 80 மெல்லியது. டெனியரில் எண் கூடினால் நூல் தடிக்கும். 70 டெனியர் பையை நான் உண்ணிச்செடிப் புதருக்குள் கொண்டுபோக மாட்டேன். அடிப்பாகமாவது 200-ஐத் தொடவேண்டும், ஏனென்றால் பையை இறக்கி வைப்பது அடிப்பாகத்தில்தான், மெட்டுப் பாறையில் தினமும் ஐம்பது தடவை. இன்னொன்று, வெளிப்பக்கம் இழுபடுகிற வலைப்பை வைத்திருக்கும் ரகங்கள் அழகாக இருக்கும், ஈர ரெயின்கோட்டைத் திணிக்க வசதிதான், ஆனால் புதருக்குள் நுழைந்தால் முள் முதலில் பிடிப்பது அந்த வலையைத்தான். என் பையின் வலைப்பை இரண்டாவது வருடமே கிழிந்தது. அட்டைகள் ஒளிந்துகொள்வதும் அதில்தான், வீட்டுக்கு வந்து மூன்று மணி நேரம் கழித்து இடுப்புப்பட்டைப் பையிலிருந்து ஒன்று ஊர்ந்து வந்ததைப் பார்த்து என் வீட்டுக்காரி பையை வாசலிலேயே நிறுத்திவிட்டாள், இப்போது வரை அந்தச் சட்டம் அமலில் இருக்கிறது.

உள்பூச்சைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நம் ஊருக்கு அதுதான் முக்கியம். விலை குறைந்த நைலானில் உட்பக்கம் பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். ஈரமும் சூடும் சேர்ந்து அடைத்து வைத்தால் அந்தப் பூச்சு சிதைந்து பிசுபிசுவென்று கையில் ஒட்டும், பொருக்கு உதிரும், வாந்தி வாடை அடிக்கும். ஆடி மாதம் எஸ்டேட் வீட்டுப் பரணில் சுருட்டிப் போட்ட பையை ஐப்பசியில் எடுத்தவர்களுக்கு இது நடந்திருக்கும். சிலிகோன் பூச்சுள்ள நைலானுக்கு இந்தத் தொல்லை இல்லை. எந்தப் பூச்சாக இருந்தாலும், வந்ததும் விரியத் திறந்து நிழலில் காயப்போட்டு, சுருட்டாமல் கொடியில் தொங்கவிடுங்கள்.

மழைக்கு வருவோம், ஏனென்றால் நமக்கு இரண்டு மழை, ஆனியிலும் ஐப்பசியிலும். பையோடு கொடுக்கிற மழை உறையை நம்பாதீர்கள். மெட்டுக் காற்றில் அது பாய்மரமாக உப்பிக் கழன்று பறந்துவிடும், பறக்காவிட்டாலும் முதுகுப்பக்கமாக வழிகிற தண்ணீரை அது தடுக்காது. டைனிமா பையிலும் தையல் வழியே கசியும், எல்லாத் தையலுக்கும் நாடா ஒட்டியிருந்தால் ஒழிய. உள்ளே ஒரு முழுப்பை போட்டு, அதற்குள் எல்லாச் சாமானையும் வைத்து வாயைத் திருகிக் கட்டுவதுதான் வழி. எங்கள் தொழிலில் அதற்குப் பொருள் கையிலேயே இருக்கிறது: ஏலக்காய் பச்சை நிறம் மாறாமல் இருக்கச் சாக்குக்குள் போடுகிற கறுப்பு பாலித்தீன் உறை, கனமானது, கிழியாது. நான் ஒரே உறையை மூன்று வருடமாக வைத்திருக்கிறேன். வனத்துறை செக்போஸ்டில் பிளாஸ்டிக் என்று கேட்டால் திறந்து காட்டி, திரும்பும்போது இதுவும் திரும்பி வரும் என்று சொல்லி எண்ணிக்கையில் எழுத வைத்துவிட்டுப் போவேன், இதுவரை யாரும் தடுக்கவில்லை. உள்ளுறை இருந்தால் பைத்துணி தண்ணீர் குடிக்குமா குடிக்காதா என்ற கவலையே பாதி தீர்ந்துவிடும், டைனிமாவுக்காகக் கொடுக்கிற காசில் பாதிக்குமேல் அந்தக் கவலைக்குத்தானே கொடுக்கிறோம்.

அதே செக்போஸ்டினால்தான் எனக்கு மேல்வாயைச் சுருட்டி மூடுகிற பையைப் பற்றி ஒரு தயக்கம். மூடி இல்லாததால் 150, 200 கிராம் மிச்சம், மழை உள்ளே இறங்காது, எல்லாம் உண்மை. ஆனால் தீப்பெட்டி, மது, பிளாஸ்டிக் என்று பார்க்கிறவர்கள் அடிவரை பார்க்கவேண்டும் என்றால் எல்லாவற்றையும் மேல்வழியாகவே வெளியே எடுக்கவேண்டும், தூறல் போடும்போது அது கொடுமை. முதலுதவி, ரெயின்கோட், டார்ச் மூன்றையும் வெளிப்பைகளில் வைக்க முடிகிற பையாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தயக்கம் குறையும்.

இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று வருடம் முன்பு 700 கிராம் என்று போட்டிருந்த ஒரு பையைத் தம்பிக்காக வரவழைத்தேன். தராசில் வைத்தால் 1,140. எழுதிக் கேட்டதற்கு, இடுப்புப்பட்டை, மேல்மூடி, கம்பி மூன்றையும் கழற்றிவிட்டு எடுத்த எடை அது என்று பதில் வந்தது. கழற்ற முடிகிற பாகங்களைச் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்காமல் எந்த எடையையும் நம்பாதீர்கள். லிட்டரிலும் இதே கதை உண்டு, சிலர் வெளிப்பைகளையும் சேர்த்து 60 என்பார்கள், சிலர் உள்ளறையை மட்டும் சொல்வார்கள்.

உள்ளூர் தையல்காரரிடம் தைத்துக்கொள்வதும் ஒரு வழிதான். அமெரிக்காவிலும் இந்தச் சின்ன நிறுவனங்கள் பல அப்படித்தான் தொடங்கின, காஸமர் கியரை ஆரம்பித்த கிளென் வான் பெஸ்கி முதலில் தனக்காகத் தைத்து அந்த வெட்டுப்படத்தை மற்றவர்களுக்கும் கொடுத்தவர். கடைவீதியில் பள்ளிக்கூடப் பை தைக்கிற அண்ணனிடம் பாராசூட் துணி வாங்கிக் கொடுத்துத் தைத்தோம், 30 லிட்டர், 380 கிராம் வந்தது, ஒரு பகல் நடைக்கு அருமையான பை. "தம்பி, தோள்வார் சேர்ற இடத்துல மட்டும் மூணு தடவ அடிச்சிருக்கேன், பெட்டி போட்டுக் குறுக்கவும் அடிச்சிருக்கேன், அங்கதான் அறும்" என்று அவரே சொன்னார், எந்தக் கடையில் எந்தப் பை வாங்கினாலும் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது இப்போது அந்த இடத்தைத்தான். ஆனால் இடுப்புப்பட்டை, சட்டம் எல்லாம் தைக்கிற வேலை வேறு, அதற்கு அவரைத் தொந்தரவு செய்ய நான் நினைக்கவில்லை.

எத்தனை லிட்டர்? இங்கேதான் பலரும் பெரிதாக வாங்கி ஏமாறுகிறார்கள். அகத்தியர்கூடத்துக்கு போனக்காட்டிலிருந்து நடந்தால் அதிருமலை முகாமில் தங்கக் கூரையும் சாப்பாடும் உண்டு, வழியெல்லாம் ஓடை. கூடாரம் வேண்டாம், தண்ணீர் ஒரு லிட்டர் போதும், மொத்தம் ஆறு கிலோ தாண்டாது. மீசைப்புலிமலைக்குக் கேரள வனவளர்ச்சிக் கழகம் வழியாகப் போனாலும் தங்குமிடம் அவர்களுடையது, 2,640 மீட்டர் உச்சிக்குச் சின்னப் பையோடுதான் ஏறுவீர்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 பாதைகளை இணையப் பதிவோடு திறந்ததில் பெரும்பாலானவை ஒரு பகல் நடை. குரங்கணிக் காட்டில் 2018 மார்ச் 11-ஆம் தேதி எரிந்த தீயில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த பகுதி இது, அனுமதியில்லாமல் யாரும் கூடாரம் தூக்கிக்கொண்டு மேலே போகக் கூடாது, கோடையில் காடு மூடியிருந்தால் மூடியதுதான். ஆக, சட்டப்படி நடக்கிற நம் நடைகளில் முக்கால்வாசிக்கு 30, 35 லிட்டர் சட்டமில்லாத பையே தாராளம். பெரிய பை இருந்தால் அதை நிரப்பத்தான் கை போகும்.

அக்கா மகனின் சிக்கல் அங்கேதான். ஜனவரி நடைக்கு அரைக்கிலோ பை பொருத்தம், மே மாத நடைக்கு அது போதாது, அங்கே கம்பளி உடுப்பும் தடித்த தூங்கும் பையும் சேர்ந்து 12 கிலோவைத் தொடும். இரண்டுக்கும் ஒரே பை என்றால் என் தீர்ப்பு 45, 50 லிட்டர், ஒரு கிலோ சுற்றுவட்டம், சட்டம் உண்டு, பக்கவாட்டில் இறுக்குகிற வார் உண்டு. அந்த வாரை இறுக்கினால் ஜனவரியில் அதே பை 30 லிட்டர் பை போலச் சுருங்கி முதுகோடு ஒட்டும். வருடத்தில் ஒரு தடவைகூட 9 கிலோவுக்கு மேல் தூக்க மாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்தவர் சட்டமில்லாததை வாங்கட்டும், நானே கூடப் போய் வாங்கித் தருகிறேன். 2 கிலோ பழைய பையை வைத்திருப்பவர்கள், அது முதுகில் வலிக்காமல் உட்கார்ந்தால், இந்த வருடம் பையை மாற்றாமல், தூங்கும் பை கனமாக இருந்தால் அதை மாற்றலாம், அங்கேயும் எடை குறையும்.

வாங்குவதற்கு முன் முதுகை அளக்கவேண்டும், உயரத்தை அல்ல. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்துகிற எலும்பு ஒன்று இருக்கும், அங்கிருந்து தையல் டேப்பை முதுகுத்தண்டோடு இறக்கி, இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் கைகளை வைத்தால் கட்டைவிரல்கள் பின்னால் சந்திக்கிற இடம் வரை. எனக்கு 48 சென்டிமீட்டர். என் வீட்டுக்காரி என்னைவிட இரண்டு விரல்தான் குட்டை, அவளுக்கு 41. என் பையை அவளுக்கு மாட்டினால் இடுப்புப்பட்டை தொடையில் வந்து நிற்கிறது, பாரம் முழுக்கத் தோளில். பெண்களையும் அகத்தியர்கூடம் ஏறவிட ஆரம்பித்த 2019-க்குப் பிறகு அவளும் ஒருமுறை போய்வந்தாள், அப்போது இது தெரியாமல் என் பையையே கொடுத்தனுப்பினேன், மூன்று நாளும் தோள்வலியோடு நடந்திருக்கிறாள், திரும்பி வந்துதான் சொன்னாள். அடுத்த தடவை அவளுக்கென்று பெண்களுக்கான அளவில் 38 லிட்டர் பை ஒன்றை மாட்டிப் பார்த்து வாங்கினோம். கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்து ஒன்றும் புரியாது. வீட்டில் பத்துக் கிலோ அரிசியை உள்ளே வைத்து, மொட்டைமாடிப் படியில் அரை மணி நேரம் ஏறி இறங்கிப் பாருங்கள், தோளில் சிவப்புக் கோடு விழுகிறதா, இடுப்பெலும்பில் உறுத்துகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அக்கா மகன் இன்னும் ஆர்டர் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் பையில் பத்துக் கிலோ அரிசியை ஏற்றிக்கொண்டு அவன் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்குகிறேன் என்றிருக்கிறான், அதற்கு முன் டேப்போடு நான் போய் அவன் முதுகை அளக்கவேண்டும்.